விளைவித்த கைகளுக்குக் காப்புறுதி

(சவளக்கடையில் ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய உரை)



நம் ஊரைச் சுற்றி எத்திசை நோக்கினும் வயல்கள். வெள்ளத்தாலோ வரட்சியாலோ வேளாண்மை அழிந்தால் விவசாயி அடியோடு வீழ்ந்துவிடலாகாது என்று கருதி, 1958ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் அதற்குச் சட்டமும் பிறந்தது. நெல்லுக்குக் காப்புறுதி உண்டு. அந்நெல்லை விளைவித்து முதுமையெய்திய கைகளுக்கு என்ன உண்டு? இதுவே தங்கள்முன் நான் வைக்கும் வினா.

“நமக்குத்தான் இலவச வைத்தியசாலை இருக்கிறதே” எனச் சிலர் கூறலாம். உண்மை, அது பெரும் பேறு. எல்லோரும் வரியாகச் செலுத்த, நோயுற்றவர் பயன்பெறும் அம்முறையும் ஒருவகைக் காப்புறுதியே. அதனைக் கண்போற் காக்க வேண்டும். ஆயினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி வாட்டியது என்பதை நாம் மறக்கவில்லை. அங்கே இல்லாத மருந்தைக் கடையில் வாங்க வேண்டும். சில பரிசோதனைகளை வெளியே செய்விக்க வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆயுள்வரை மருந்து கேட்பவை. வருமானம் நின்ற வயதிலேதான் செலவு வளர்கிறது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு 1997 முதல் ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி உண்டு. 2016 முதல் ஓய்வூதியருக்கும் அது விரிந்தது. விவசாயிக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்படி ஓய்வூதியத் திட்டம் உண்டெனினும், அது வைத்தியச் செலவைத் தாங்கும் காப்புறுதி அன்று.

தனியார் கம்பெனியிடம் போகலாமே என்பீர்கள். வயது ஏற ஏற அங்கே கட்டுப்பணமும் ஏறும். இளையோரும் முதியோரும், திடமுள்ளோரும் நோயாளரும் ஒரே நிதியில் சேர்ந்தால்தான் சுமை இலகுவாகும். அமெரிக்க நாடு 1965இல் ‘மெடிகேர்’ சட்டத்தால் 65 வயது கடந்தோருக்கு இதைச் செய்தது. உழைக்கும் காலத்திலேயே சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குச் செல்கிறது. அயல்நாடாகிய இந்தியா 2024இல், 70 வயது கடந்தோருக்கு, வருமானம் பாராது, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வைத்தியசாலைச் சிகிச்சைக்கு வழிசெய்தது.

வாலிபர்களே! நமக்கும் இத்தகைய திட்டம் வேண்டுமெனக் கேட்போம். கல்முனைப் பகுதி முஸ்லிம் சகோதரரையும் சேர்த்துக்கொண்டு கேட்போம். வயலும் முதுமையும் இருசாராருக்கும் பொதுவானவையே. அது வரும்வரை, அயல்வீட்டு முதியவரைக் கிளினிக் நாளில் அழைத்துச் செல்ல ஒருவராவது முன்வாருங்கள். இன்று அவர், நாளை நாம்.