இரு வாயில் உடைய துபாஷி

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்கள் பலவற்றில், ஒரு மூலையில் பழைய மேசைக் கணினியொன்று உறையிட்டு மூடிக் கிடக்கக் காணலாம். அதில் பழுது ஏதும் இல்லை. கம்பி வழியே வரும் இணையத்தை மட்டுமே அது ஏற்கும். வைஃபை அலைகளை வாங்கும் உறுப்பு அதனிடம் இல்லை. ரூட்டரோ வீட்டுக்காரரின் மாடியில் இருக்கும். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வாடகை வீட்டில் யார் இசைவார்?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து, பள்ளி வகுப்புகள் இணையத்திற்கு இடம் பெயர்ந்தன. இரு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு ஒரு மடிக்கணினி போதாது என்பதை அப்பொழுது பலரும் கண்டனர். ஒருவர் படிக்கும்போது மற்றவர் காத்திருக்க நேர்ந்தது. மூலையில் இருந்த கணினியோ சும்மா கிடந்தது. அதற்கு வேலை கொடுக்கும் உபாயம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது என்பதைக் கூறவே இன்று வந்தேன்.

மடிக்கணினிக்கு இரு வாயில்கள் உண்டு: ஒன்று வைஃபை, மற்றொன்று ஈதர்நெட் என்னும் கம்பி வாயில். முன்னதன் வழியே நுழையும் இணையத்தைப் பின்னதன் வழியே பிற கணினிக்கு அளிக்குமாறு அதனைப் பணிக்கலாம். 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு முதலே இவ்வசதி உண்டு.

செய்முறை எளியது. இரு கணினிகளையும் ஈதர்நெட் கேபிளால் இணையுங்கள். மடிக்கணினியின் கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகளின் பட்டியலைத் திறந்து, வைஃபை இணைப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ஷேரிங்' என்பதைத் தேர்ந்து, பகிர்வதற்கான கட்டத்தில் குறியிடுங்கள். குறியிட வேண்டியது இணையம் நுழையும் வாயிலில். வெளியேறும் வாயிலில் அன்று. பலர் இடறுவது இவ்விடத்திலேதான். மேசைக் கணினியை, முகவரியைத் தானாகப் பெறும்படி விட்டுவிட்டாற் போதும்.

உள்ளே நிகழ்வது யாது? இணையத்தில் பேசுவதற்குக் கணினி ஒவ்வொன்றுக்கும் முகவரி வேண்டும். பழைய முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. அவை உலகுக்குப் போதா என்று கண்டு, வீட்டிற்குள் மட்டும் செல்லும் முகவரிகளை வழங்கி, வெளியே போகும்போது அவற்றை மாற்றி எழுதும் முறையை 1994-இல் வெளியிட்டனர். அதன் பெயரே முகவரி மொழிபெயர்ப்பு! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இப்பெயர் மிகவும் பிடித்துப் போயிற்று.

விண்டோஸில் மடிக்கணினி 192.168.137.1 என்னும் முகவரியைத் தான் வைத்துக்கொண்டு, மேசைக் கணினிக்கு அதே வரிசையில் வேறொன்றைக் கொடுக்கிறது. மேசைக் கணினி கேட்பதைத் தன் பெயரால் வெளியே கேட்கிறது. வரும் விடையை, கேட்டவர் யாரெனக் குறிப்பில் பார்த்து ஒப்படைக்கிறது. புதுச்சேரியில் தூப்ளேக்சுக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையும் குறிப்பேடு வைத்திருந்தவரே அன்றோ!

சில எச்சரிக்கைகள். மடிக்கணினி உறங்கினால் மேசைக் கணினிக்கும் இணையம் நின்றுவிடும். ஆதலின் அது உறங்காதவாறு அமைத்துக்கொள்க. கம்பி வாயில் இல்லாத மெல்லிய மடிக்கணினியாயின், யூஎஸ்பி வழியே செருகும் ஈதர்நெட் அடாப்டர் வேண்டும். மேசைக் கணினிகள் இரண்டு மூன்று இருப்பின், நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்தால் யாவும் பயன்பெறும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டபடியால், அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள். கூடுமாயின் லினக்ஸ் நிறுவுங்கள்.

மேசைக் கணினியிலேயே யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகலாகாதா எனின், செருகலாம். ஆனால் பழைய கணினிகள் சிலவற்றுக்கு ஏற்ற டிரைவர் கிடைப்பது அரிது. கம்பி வாயிலுக்கு அத்தொல்லை குறைவு.

இணைப்பு வீட்டுக்காரருடையதாயின், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை. பிள்ளைகளின் படிப்பிற்கென்று கேட்டால் மறுப்பவர் சிலரே. வரும் விடுமுறை நாளில் உறையை நீக்கி, தூசியைத் துடைத்து, ஒரு கேபிளுடன் முயன்று பாருங்கள். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திராமல், பிள்ளைகள் இருவரும் ஒரே வேளையில் படிக்கலாம்.