மருந்து அடித்தவர் மயங்கி விழுந்தால் சட்ட உதவி பெறுவது எப்படி?



பூச்சிமருந்தை எப்படிக் கலக்குவது, ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிப்பது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்றெல்லாம் நாம் அடிக்கடி பேசுகிறோம். மருந்து அடித்தவரையே அந்த மருந்து தாக்கிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று பேசுவது குறைவு. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், சில வீடுகளில் உயிரே போய்விடும் பேரிழப்பு, இவற்றுக்கு ஈடு கேட்க நமக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது கைக்கு வருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் நாம் செய்யும் காரியத்தைப் பொறுத்தது. ஆகவே அதைப் பற்றி இன்று விவரமாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1958-ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் உணவுப் பொருளும் ஒன்றாக வந்தன. மருந்து கசிந்து உணவில் கலந்துவிட்டது. அதன் பிறகுதான் விசாரணைக் குழு அமைத்து, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-இல் அதற்கான விதிகளும் வந்தன. இன்று நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டப்பாவிலும் முக்கோண அடையாளம் இருப்பது இந்த விதிகளால்தான். சிவப்பு என்றால் மிகமிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடும் நஞ்சு. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நஞ்சு. குறைந்த நஞ்சும் நஞ்சுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, மருந்து அடித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை சுற்றுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கண் மங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் என்ன செய்ய வேண்டும்? உடனே வயலை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-க்குச் சொல்லுங்கள். இங்கே வழக்கைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை, உயிர்தான் முதல். ஆனால் போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். அடித்த மருந்தின் பாட்டிலையும் அதோடு வந்த துண்டுப் பிரசுரத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான விஷமுறிவு கொடுக்க முடியும். வைத்தியத்துக்கு உதவுகிற அதே பாட்டில்தான் பின்னால் வழக்குக்கும் சாட்சி.

ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பூச்சிமருந்து நஞ்சு என்று ஒருவரைக் கொண்டுபோனால், "மருந்தைக் குடிச்சுட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் "ஆமாங்க, மருந்துதாங்க" என்று சொல்லிவிட்டால், அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். தற்கொலை முயற்சி என்று எழுதிவிட்ட காகிதத்தைப் பிறகு திருத்துவது லேசான காரியம் இல்லை. ஆகவே யார் கூடப் போனாலும், "இன்ன வயலில், இன்ன மருந்தை அடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். என்ன எழுதினார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த ஏ.ஆர். காப்பியை மனுக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்ற மருந்துகள் தாக்கியிருந்தால் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற பொருளின் செயல் குறைந்திருக்கும். அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். நாள் கடந்தால் அது சிறிது சிறிதாகப் பழைய நிலைக்கு வந்துவிடும், அடையாளமும் மறைந்துவிடும். உயிர் போய்விட்ட வீட்டில் இதைச் சொல்வது மனதுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தின் கையில் மிஞ்சும் பலமான அத்தாட்சி அந்த அறிக்கைதான்.

அடுத்தது வீட்டில் பத்திரப்படுத்த வேண்டியவை. மருந்து பாட்டில், லேபிள் கிழியாமல். கடை பில், பேட்ச் எண்ணோடு. அன்று உடுத்திய துணி, கழுவாமல், தனிப் பையில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். ஆஸ்பத்திரிச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீதுகள். நான் பார்த்த ஓர் ஊரில் காலி பாட்டில்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். கடையிலும் பில் வாங்கவில்லை. எந்தக் கம்பெனி மருந்து என்று நிரூபிக்க முடியாமல் அந்தக் குடும்பம் சும்மா திரும்பிவிட்டது. "தெரிஞ்ச கடைதாங்க, பில் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதே நாளிலோ மறுநாளோ இரண்டு இடத்துக்குப் போங்கள். ஒன்று காவல் நிலையம். புகாரை எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். சீட்டு வாங்குங்கள். எப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டாவது, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஆய்வாளராக நியமிக்கப்பட்ட அலுவலர், நீங்கள் வாங்கிய அதே பேட்ச் மருந்தைக் கடையிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீங்கள் திறந்துவிட்ட பாட்டிலைவிட, மூடி திறக்காத அந்த மாதிரிக்கு மதிப்பு அதிகம். தாமதித்தால் அந்தப் பேட்ச் விற்றுத் தீர்ந்துவிடும்.

இந்த நேரத்தில் சிலர் வீடு தேடி வரக்கூடும். ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் கொடுத்து, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். வைத்தியத்துக்குப் பணம் தேவைப்படும் நேரம் அது. ஆனாலும் விவரம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

"கோர்ட் படி ஏறினா இருக்கிற காணியும் போயிடுமே" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பயம் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளவர்களுக்கும் வக்கீலை இலவசமாக வைத்துக் கொடுப்பார்கள். தாலுகா கோர்ட்டில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். கூலிக்கு மருந்து அடித்தவர் பாதிக்கப்பட்டிருந்தால், வேலை கொடுத்தவரிடமும் ஈடு கேட்க முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருந்தில் குறை, அல்லது சரியான எச்சரிக்கை தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் உண்டான தீங்குக்குத் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரித்தவர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காத கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியவரே. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. சில நூறு ரூபாய் பாட்டிலுக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். "உடம்பு தேறட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டால் கெடு கடந்துவிடும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினார், மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்தார், கையுறை போடவில்லை, எதிர்க்காற்றில் அடித்தார்" என்பார்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால் தயாரித்தவர் பொறுப்பில்லை என்று சட்டத்திலும் இருக்கிறது. அதற்காக நடந்ததை மறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் நூறு உண்மையும் எடுபடாது. எத்தனை மில்லி, எத்தனை டேங்க், எத்தனை மணிக்கு, யார் சிபாரிசு செய்தது என்பதை நினைவு இருக்கும்போதே எழுதி வையுங்கள். கலந்து அடிக்கச் சொன்னது கடைக்காரர் என்றால் அதையும் எழுதுங்கள்.

மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இறந்த இருவரின் மனைவியரும் பிழைத்த ஒரு விவசாயியும் மருந்துக் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்துக்கே நியாயம் கேட்டுப் போனார்கள். கம்பெனியோ, தன் மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தது. எந்த மருந்து என்று காட்டும் அத்தாட்சி எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து புரிகிறது அல்லவா?

நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்துவந்தார்கள். 1998-இல் லீலாகுமாரி அம்மா என்ற வேளாண்மைத் துறை ஊழியர் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, அதற்குத் தடை வாங்கினார். 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்துக்கே தடை விதித்தது. 2017-இல் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்த பின்னும் பணம் வந்து சேரப் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. நியாயம் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும், கேட்டதால்தான் வந்தது.

ஆகவே விவசாயப் பெருமக்களே, மருந்து வாங்கும்போதே பில் கேளுங்கள். பேட்ச் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பில்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரியும் இடத்தில் மாட்டி வையுங்கள். ஆபத்து நேரத்தில் தேடப்போகிறவர் பெரும்பாலும் அவர்கள்தான். அந்தப் பையைத் திறக்கும் அவசியமே வராமல், முகமூடியும் கையுறையும் போட்டு, காற்றுப் போகும் திசையிலேயே அடியுங்கள்.