கொடி பிடித்த கையும் பட்டியல் எழுதிய கையும்

(தோட்ட வாசிகசாலையில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் பேசுவது பிள்ளைக்காம்பரா, போஷாக்கு, சேமலாப நிதிப் படிவம் இப்படியான விசயங்கள்தான். போன மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் பின்வாங்கில் இருந்த ஒரு தம்பி எழும்பி, "ஐயா, எல்லாக் கட்சியும் ஒண்ணுதான். இனிமே எதுக்கு ஓட்டுப் போடணும்?" என்று கேட்டார். இளசுகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் இரண்டு பேருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த மாதம் பேசுவோம் என்று சொல்லித் தப்பித்துக் கொண்டோம். இன்று தப்ப முடியாது.

யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல எங்கள் உத்தியோகம் இடம் தராது. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்லப் போகிறோம்.

எங்கள் தாத்தா 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸும் ஆசனங்கள் பிடித்தது. அடுத்த வருஷமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டு மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். வாக்கும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கொழுந்து நிறுக்கிற மாதிரி ஆட்களை நிறுத்துப் பிரித்தார்கள் என்று தாத்தா சொல்லுவார். நாடற்றவருக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 1988இல் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அந்தக் கடதாசி கிடைத்தது. தாத்தா இரண்டாம் முறை வாக்குப் போட்டது 1994 ஆகஸ்ட் மாதம். இரண்டு வாக்குக்கும் நடுவில் 47 வருஷம். பாட்டி அந்த நாளைக் காணாமலே போய்விட்டார்.

அன்றைக்கு எங்களுக்குப் பதினாலு வயது. தாத்தா விடியற்காலையிலேயே குளித்து, திருவிழாவுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாக்குச்சாவடி திறக்க முன்பே போய் நின்றார். திரும்பி வந்து மை பூசின விரலைப் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டினார். இரண்டு நாளைக்கு அந்த விரலில் சோறு படவிடாமல் சாப்பிட்டார் என்றால் நம்புவீர்களா?

எங்கள் அப்பா தோட்டத் தலைவர். பதினெட்டு வருஷம் சங்கத்துக்கு உழைத்தவர். தேர்தல் என்றால் எங்கள் வீட்டில் கோதுமை மாப் பசை காய்ச்சுகிற வாசம்தான். நாங்கள் சின்னப் பையனாகப் போஸ்டர் ஒட்டினோம், லொறியில் ஏறிக் கொடி பிடித்தோம், தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். மே தினம் என்றால் தீபாவளி மாதிரி. சோற்றுப் பார்சலுக்காக மட்டும் போனோம் என்று சொல்லமாட்டோம். நம்முடைய ஆட்கள் ஒரு இடத்தில் அத்தனை பேர் கூடி நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிரும். அது பொய்யில்லை.

சங்கம் என்பது சும்மா வந்ததுமில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோகாமல் தடுக்கப் போன சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இந்தப் பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்குப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

சரி, எங்களுக்கு எப்போது மனசு விட்டது? ஒரே நாளில் இல்லை. முதலில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. தேர்தல் வரைக்கும் எந்தப் பக்கத்தை ஏசி எங்களைக் கத்தச் சொன்னார்களோ, தேர்தல் முடிந்து அதே பக்கத்தோடு மாலை போட்டுக்கொண்டு நின்றார்கள். "அப்பா, இப்ப நம்ம யாரை ஏசணும்?" என்று கேட்டதற்கு அப்பா, "மேல முடிவு செய்வாங்கடா" என்றார். அவரும் சிரித்தார்.

2002ஆம் வருஷம் நடந்தது வேறு. எங்கள் லயத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெண்சாதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலு நாள் பெரட்டுக்கு வரவில்லை, அதுதான் குற்றம். அப்பா அந்தக் கேஸை எடுத்துக்கொண்டு டவுன் காரியாலயத்துக்கு நாலு தடவை போனார். நாலாம் தடவை நாங்களும் கூடப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடதாசியைக் கையில் வாங்கவில்லை. "உங்க தோட்டத்தில இப்ப சந்தா எத்தனை?" என்று கேட்டார். அப்பா எண்ணிக்கையைச் சொன்னார். "போன வருஷத்தை விடக் குறைஞ்சிருக்கே" என்றார் அவர். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த மே தினத்துக்கு லொறி வந்து ஹோர்ன் அடித்தது, அவர் இஸ்தோப்பை விட்டு இறங்கவில்லை. செத்துப்போகும் வரைக்கும் சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், "அது கோவிந்தனுக்குக் கட்டுறது" என்பார்.

இதுவரை மற்றவர்கள் செய்ததைச் சொன்னோம். இனிச் சொல்லப்போவது நாங்கள் செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

2009இல், நாங்கள் வேலை பார்த்த வேறொரு தோட்டத்துக்குக் கூரைத் தகரம் வந்தது. லயத்துக் காம்பராக்கள் இருபதுக்குத்தான் போதும். ஒழுகுகிற காம்பராவோ அறுபதுக்கு மேல். எந்தக் கூரை மோசம் என்று நாங்களே வீடு வீடாகப் பார்த்து ஒரு பட்டியல் போட்டோம். அதற்குப் பிறகு தகரத்தைக் கொண்டுவந்து கொடுத்த கட்சியின் ஆட்கள் வந்து, "ஐயா, நம்ம ஆளுங்க பேரை முதல்ல போடுங்க" என்றார்கள். மறுத்தால் தகரம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்றார்கள். இருபது கூரையாவது மூடட்டுமே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டியலைத் திருப்பி எழுதினோம். எங்கள் சொந்தக் கையால்.

விழுந்த பெயர்களில் ஒரு விதவைத் தாயின் பெயரும் ஒன்று. முதல் பட்டியலில் அவர் மூன்றாவது. இரண்டு மாதத்துக்கு முன் அவர் சங்கம் மாறியிருந்தார், அவ்வளவுதான். அவருடைய மகள் அந்த டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. மழைக்குப் புத்தகத்தை எல்லாம் உரச் சாக்குக்குள் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். பார்த்தும்தான் எழுதினோம்.

பட்டியலை ஒட்டின அன்று அந்த அம்மா வந்து விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சண்டை போடுவார் என்று நினைத்துக் காரியாலயத்துக்குள் நின்றோம். அவர் எட்டிப் பார்த்து, "ஐயா எழுத்து முத்து முத்தா இருக்கு. நம்ம பேரு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்போம்.

பிறகு வந்தது ஆயிரம் ரூபாய்க் கதை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறோம். 2015இல் ஆயிரம் ரூபாய் என்று மேடையில் பேசினார்கள். 2016இல் கூட்டு ஒப்பந்தத்தில் வந்தது 730, அதிலும் அடிப்படைச் சம்பளம் 500தான். 2018 ஒக்டோபரில் கொழும்பில் வேலை செய்கிற நம்முடைய பிள்ளைகள் எந்தக் கட்சிக் கொடியும் இல்லாமல் கறுப்பு உடுத்திக்கொண்டு காலிமுகத்திடலில் நின்றார்கள். 2019இல் அடிப்படை 700 ஆனது. ஆயிரம் வந்து சேர்ந்தது 2021 மார்ச்சில், சம்பளச் சபை மூலமாக. வந்ததுமே பல தோட்டங்களில் கொழுந்து நிறையைக் கூட்டினார்கள், 2022இல் மா விலை மிச்சத்தைத் தின்றது. அந்தக் காலிமுகத்திடல் கூட்டத்தை மட்டும் நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம். அவர்களை லொறி வைத்து யாரும் ஏற்றிப் போகவில்லை.

ஆகவே தம்பி, கட்சியில் மனசு விட்டவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. எங்கள் அப்பா விட்டார், நாங்களும் விட்டோம். 2024இல் மலையகத்தில் எத்தனையோ வீடுகள் பரம்பரைச் சின்னத்தை விட்டுப் புதிய சின்னத்துக்குப் போட்டன. அதுவும் ஒரு நாள் பழசாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் வாக்கே வேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது தாத்தாவின் விரல். 1949இல் அதைப் பறித்தவர்கள் அது பிரயோசனமில்லாத சாமான் என்று நினைத்திருந்தால் பறித்திருக்க மாட்டார்கள். அதை யோசித்துக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையது.

இனித் தோட்டத்து விசயம். மேல் லயத்துப் பீலிக்குக் குழாய் போடும் வேலைக்கு இரண்டு சங்கத்துத் தாய்மாரும் ஒரே பாயில் உட்கார்ந்து கமிட்டி போட்டிருக்கிறார்கள். பீலிக்கு யாருடைய பெயர்ப்பலகையும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தார்களாம். அந்த முடிவு எங்களுக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத்தான் தோன்றியது.

தகரப் பட்டியல் ஒன்று இந்த முறையும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைக்காம்பரா வாசலில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்போம். எந்தக் காம்பரா எவ்வளவு ஒழுகுகிறது என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். விடுபட்டவர்கள் அந்த இடத்திலேயே சொல்லுங்கள், காரியாலயத்துக்குப் போன பிறகு சொல்லிப் பயனில்லை. அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் கொண்டு வாருங்கள்.

பதினெட்டு வயது முடிந்தவர்களின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கிற படிவமும் கிராம சேவகரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். போன மாதம் கேள்வி கேட்ட தம்பிக்கும் ஒன்று இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகட்டும், நிரப்புவதும் நிரப்பாததும் அவர் இஷ்டம்.