ஒரு சொல், ஐந்து மதிப்பெண்



தேர்வு முடிந்த மாலைப்பொழுதில் தேர்வுக்கூட வாயில் ஒரு பள்ளிக்கூடமாக மாறிவிடுகின்றது. உள்ளே வாய்திறவாது எழுதிய மாணவர், வெளிவந்ததும் வினாத்தாளை விரிக்கின்றனர். "உனக்கு என்ன விடை?" என்னும் கேள்வி ஆளுக்கு ஆள் தாவுகின்றது. ஒத்த விடை கண்டவன் முகம் மலர்கின்றான். ஒவ்வாத விடை கண்டவள் உளந்துணுக்குறுகின்றாள். முடிந்ததைப் பேசிப் பயனென்ன என்பர் பெரியோர். பயனுண்டு என்பதை ஒரேயோர் இயற்பியல் வினா நாடறியக் காட்டிற்று.

2024 மே 5ஆம் நாள் நடந்த 'நீட்' என்னும் மருத்துவ நுழைவுத்தேர்வை 23 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். மொத்த மதிப்பெண் 720. அதில் இயற்பியலுக்கு 180. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். அவ்வினாத்தாளில் அணுவைப் பற்றி இரு கூற்றுகள் இருந்தன. நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருத்தலின் அணு மின்நடுநிலை உடையது என்பது முதற்கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை என்பது இரண்டாங்கூற்று.

முதற்கூற்றில் ஐயமில்லை. இரண்டாவதில்தான் பூசல் மூண்டது. பழைய பாடநூலைப் படித்தவன் "இரண்டும் சரி" என்றான். அந்நூலில் அத்தொடர் அவ்வாறே இருந்தது. புதிய பதிப்போ 'ஒவ்வொரு' என்பதை நீக்கிப் 'பெரும்பாலான' என்று திருத்தியிருந்தது. நூலை நோக்காது பொருளை நோக்கியவளோ, "எல்லா அணுவும் நிலையானது என்றால், யுரேனியம் ஏன் கதிர்வீசிச் சிதைகின்றது?" என்று கேட்டாள். அந்த 'ஏன்' தான் இயற்பியல்! முன்னவன் ஒப்பிட்டது விடையை; பின்னவள் ஒப்பிட்டது கரணியத்தை.

தேர்வு நடத்திய முகமை, இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கிற்று. முழு மதிப்பெண் பெற்ற 67 பேருள் 44 பேர் இவ்வொரு வினாவால் அந்நிலை எய்தியவர். வழக்கு உச்ச நயன்மன்றம் ஏறிற்று. மன்றம் கேட்டதற்கிணங்கத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர் மூவர் ஆராய்ந்து, இரண்டாங்கூற்று தவறு, ஒரு விடையே சரி என்றனர். 'இரண்டும் சரி' என்று குறித்திருந்த நான்கு இலக்கத்திற்கும் மேற்பட்டோர், பெற்ற நான்கையும் இழந்து, தவறுக்குரிய ஒன்றையும் இழந்தனர். சூலைத் திங்கள் இறுதியில் வந்த திருத்தப் பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேரே. ஒரு சொல்லின் விலை ஐந்து மதிப்பெண்!

அவையோரே, இங்குச் சற்று நின்று எண்ணுங்கள். அறிவியலில் சொல் அணிகலன் அன்று; அதுவே அளவுகோல். 'ஒவ்வொரு' என்பதற்கும் 'பெரும்பாலான' என்பதற்கும் இடையே உண்மையும் பொய்யும் பிரிந்து நிற்கின்றன. அங்ஙனமாயின், மாணவன் எந்த மொழியில் எண்ணுகின்றானோ அந்த மொழியில் வினா செப்பமாக இருத்தல் வேண்டாவா?

தமிழில் தேர்வெழுதுவோர்க்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் தரப்படுகின்றது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவானது என்பது தேர்வின் நெறி. 2018இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பெற்றது. வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு சூலையில் ஆணையிட்டது. உச்ச நயன்மன்றம் முதலில் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கிவிட்டது. பிழை செய்தது மாணவர் கை அன்று. இழப்பு மட்டும் மாணவர் தலையில் விழுந்தது.

வாயிலில் நிகழும் வழக்குரையைக் கேட்டுப் பாருங்கள்! ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப்பிள்ளையும் தோழனிடம் "ஏன்டா அப்படி?" என்று தமிழில்தான் கேட்கின்றான். விடையை எம்மொழியில் குறித்தாலும் கரணியம் தாய்மொழியில்தான் பிறக்கின்றது. அம்மொழியை வினாத்தாளில் வெறும் நிழலாக வைப்பது, எண்ணும் பிள்ளையின் காலில் இடும் தளை.

ஆசிரியர்களே! மறுநாள் வகுப்பில் அந்த வாயிற்பேச்சைத் தொடருங்கள். விடையை விட்டு, விடை வந்த வழியைச் சொல்லச் செய்யுங்கள். பாடநூல் எழுதுவோரே! ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் துலாக்கோலில் நிறுத்து வையுங்கள். மாணவர்களே! "உனக்கு என்ன விடை?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "ஏன் அந்த விடை?" என்று கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். மதிப்பெண் ஒரு திங்களில் பழையதாகும். கேட்டறிந்த கரணியம் வாழ்நாள் முழுதும் துணைநிற்கும்.