யாழுக்கா பெருமை, பாட்டுக்கா?

நடுவர் அவர்களே, பாய் விரித்து உட்கார்ந்து கொசுவோடு பங்கு போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் தருமபுரத்துத் தாய்மார்களே, வணக்கம்.

வீட்டுக்கு அழகு சேர்ப்பது கைவேலையா, கடைப்பொருளா? இந்தத் தலைப்பை இந்த ஊரில் வைத்ததுமே, கைவேலைதான் என்று பேசும் எங்கள் அணி பாதி ஜெயித்துவிட்டது. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் தாய்வழி ஊர் இது. அவர் வந்தபோது உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "சம்பந்தர் பாட்டு ஊரெல்லாம் பரவுவதே உன் யாழால்தான்" என்றார்கள். உறவுக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்! பாணர் பதறிப்போய்ச் சம்பந்தரிடமே முறையிட்டார். அவர் ஒரு பதிகம் பாடினார், யாழில் அடங்கவில்லை. வெட்கப்பட்ட பாணர் யாழையே உடைக்கப் போனார். நம்ம சாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பேர் வந்த கதை அதுதான்.

அன்றைக்கு அந்த உறவுக்காரர்கள் செய்த வேலையைத்தான் இன்றைக்கு எதிரணி செய்கிறது. அலமாரியால்தான் வீட்டுக்குப் பெருமையாம்!

"ரெடிமேட் ரேக் வாங்குங்க, பத்து நிமிஷத்தில் வீடு பளிச்" என்றார் எதிரணி அண்ணன். நானும் வாங்கினேன் அண்ணே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. படம் பார்த்துப் பூட்ட ஆரம்பித்தது காலையில். முடிந்தது விளக்கு வைக்கிற நேரம். மூணு ஸ்க்ரூ மிச்சம். அது மூணும் எங்கே போகவேண்டியது என்று ஐப்பசியில் தெரிந்தது. இந்தப் பக்கம் உப்புக்காற்று, மேலே அடைமழை. பலகை தண்ணீரைக் குடித்துக் குடித்து நடுவில் உப்பிவிட்டது. என் மாமியார் வந்தார், நின்றார், பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, ரேக்கு முழுகாம இருக்கா?"

சிரிக்கிறீர்கள். அந்த மாமியார் பின்னிய வயர்கூடை என் கல்யாணத்துக்கு முந்தியது. இன்னும் வெங்காயம் சுமக்கிறது. அவர் பழைய சேலையைக் கிழித்து, சடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்த மிதியடி வாசலில் கிடக்கிறது. நவராத்திரி வந்தால் ட்ரங்குப் பெட்டி, பலகை, மேலே ஒரு வெள்ளை வேட்டி. கொலுப்படி தயார்! பத்தாம் நாள் பெட்டி பரணுக்குப் போய்விடும், வேட்டி எனக்கு வந்துவிடும்.

அஞ்சறைப்பெட்டி கடையில் வாங்கியதுதானே என்று கேட்பார்கள். பெட்டி கடையுடையது. கரண்ட் போன இருட்டிலும் சீரகம் என்று கடுகைத் தொடாத கை யாருடையது? அந்தப் பெட்டியும் சும்மா இல்லை. பேரில் அஞ்சு அறை, திறந்தால் ஏழு கிண்ணம். சொன்னதற்கு மேல் ரெண்டு கொடுத்த கடைக்காரரை எதிரணி காட்டட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜப்பானிலிருந்து மேரி கோண்டோ அம்மையாரையும் துணைக்கு அழைத்தார்கள். மனசுக்கு மகிழ்ச்சி தராத பொருளை வெளியே போடச் சொன்னவர் அவர். நம்ம வீட்டில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் முதலில் யார் வெளியே போவார்? முன்வரிசை ஐயா, நீங்களே எழுந்திருக்க வேண்டாம்! அந்த அம்மையாரே மூணு பிள்ளை பெற்ற பிறகு, ஒழுங்குபடுத்துவதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று 2023-இல் சொல்லிவிட்டார். தலைவியே கட்சி மாறிவிட்டார், தொண்டர் மட்டும் இங்கே கொடி பிடிக்கிறார்.

ஆராய்ச்சி வேண்டுமா? 2012-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் வெளியிட்டது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தாங்களே பூட்டிய ஐக்கியா பெட்டிக்குச் சராசரியாக 78 சென்ட் கொடுக்க முன்வந்தார்கள். அதே பெட்டி பூட்டியே வந்தால் 48 சென்ட்தான். சும்மா பூட்டினவருக்கே இவ்வளவு பெருமை என்றால், முடிச்சு முடிச்சாகப் பின்னினவருக்கு எவ்வளவு இருக்கும்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி. எதிரணி அண்ணன் தன் குறிப்பெல்லாம் எதில் வைத்துக் கொண்டுவந்தார் என்று நாற்காலிக்குக் கீழே பாருங்கள். ஒளிக்காதீங்க அண்ணே, பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட வயர்கூடை! யார் பின்னியது என்று அவரே வந்து சொல்லட்டும். அண்ணி மூணாவது வரிசையில்தான் இருக்கிறார்.