ஆற்றங்கரைக் கச்சேரிகள்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் நெல்லையப்பரைக் கும்பிட்டு, இசைத்தூணில் காதை வைத்துப் பார்த்து, அல்வாப் பொட்டலத்தோடு குற்றாலத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுகிற ஊர் ஒன்று தாமிரபரணியின் மறுகரையில் இருக்கிறது. கொக்கிரகுளமும் பாளையங்கோட்டையும் கச்சேரிகளின் ஊர். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், ஜெயில், போலீஸ் ஸ்டேஷன் என்று 1790-ல் கும்பெனி இந்த ஜில்லாவை அமைத்ததிலிருந்து அரசாங்கம் குடியிருந்த பக்கம். ஆபீஸில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு பழைய கட்டடத்தை நிற்க வைப்பது அதன் அழகோ வயதோ அல்ல, உள்ளே நடக்கிற வேலைதான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி சொல்ல இந்த ஆற்றங்கரையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜங்ஷனிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது சுலோசன முதலியார் பாலம். அது இல்லாத காலத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே படகுதான் போக்குவரத்து. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்ததாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டார். ஹார்ஸ்லி என்ற இன்ஜினியர் படம் வரைந்தார். 1843 நவம்பரில் பாலம் திறந்தது. மேலே வண்டியில் போனால் இது பாலம் என்பதே தெரியாது. கரையிறங்கிப் பார்க்க வேண்டும். 11 வளைவுகள், வளைவுக்கு வளைவு நடுவே உருண்டு தடித்த தூண்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். அந்த மாதிரிப் பாலத்தை லண்டன்காரர்கள் 1930-களில் இடித்துவிட்டார்கள், நம்முடையது நிற்கிறது. கைவேலையில் நாம் உசத்தி என்று நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். 1869 வெள்ளத்தில் இதுவும் சேதப்பட்டதுதான். ஆற்றைத் தாண்ட இதைவிட்டால் கதியில்லை என்பதால் சரிசெய்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்தபோதும் பாலம் அசையவில்லை.

பாளையங்கோட்டையில் பெயரிலேயே கோட்டை இருக்கிறது; மதிலைத் தேடினால் கிடைக்காது. ஊமைத்துரையை அடைத்து வைத்திருந்ததும், 1801 பிப்ரவரியில் அவர் தப்பிப் போனதும் இங்கேதான். பாளையக்காரர் போர் முடிந்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லை, மதில் போயிற்று. வாசல் தப்பியது, ஏனென்றால் அங்கே மேடைப் போலீஸ் ஸ்டேஷனை வைத்தார்கள். எத்தனையோ பேரின் வீரத்தைக் கண்ட கல்லைக் காப்பாற்றியது கடைசியில் ஒரு ரைட்டர் மேஜைதான். வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நடந்தது அதுதான். பக்கத்தில் கிளாரிந்தா கட்டிய 1785-ஆம் ஆண்டுச் சிறிய கிறிஸ்தவக் கோயிலும், 1826-ல் பாதிரியார் ரேனியஸ் காலத்தில் எழுந்த ஊசிக்கோபுர தேவாலயமும் நிற்பதற்கும் காரணம், மணி அடித்ததும் ஜனங்கள் வருகிறார்கள் என்பதே.

அடிமைப்படுத்தியவனின் கச்சேரியை ஏன் கொண்டாட வேண்டும் என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. அதற்கு இந்த ஊரே 1908-ல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வ.உ.சி. கைதான மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. நகரத்தின் அரசாங்கக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன, தஸ்தாவேஜுகள் எரிந்தன, முனிசிபல் ஆபீஸ் உள்ளே சாம்பலாயிற்று. சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் ஒன்றைத்தான் கூட்டம் தொடவில்லை என்று ரௌலட் கமிட்டியின் 1918 அறிக்கையே சொல்கிறது. காரணத்தை அறிக்கை சொல்லவில்லை. என் ஊகம் இது: வீட்டுப் பத்திரமும் வயல் கிரயமும் தங்களுடையவை என்று அந்தக் கோபத்திலும் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டியவன் யார் என்பதை மட்டும் பார்த்திருந்தால் அதுவும் எரிந்திருக்கும். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

தவிர, ஆபீஸ் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கும் அல்ல. திருநெல்வேலிக்கு வடமேற்கே மானூர்க் கோயிலில், மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 1200 வருஷத்துக் கல். சபையில் உட்கார நிலப்பங்கும் படிப்பும் நன்னடத்தையும் வேண்டும் என்கிறது. எடுத்த காரியத்துக்கெல்லாம் கூடாது கூடாது என்று குறுக்கே நிற்பவருக்கும், அவருக்குத் துணை போகிறவருக்கும் 5 காசு தண்டம். இன்றைக்கு அதை வசூலித்தால் பல உள்ளாட்சிகளின் கடன் அடைந்துவிடும். பூஜை நடந்த கோயில் என்பதால் சுவர் நின்றது. சுவர் நின்றதால் தஸ்தாவேஜு கிடைத்தது.

புழங்குவதே கட்டடத்தைக் கெடுக்கும் என்பார்கள். கோயில் கல்லில் மணல் வீசி எழுத்தைத் தேய்த்ததையும், சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசியதையும் காட்டுவார்கள். அது உண்மை. பழைய மட்டப்பாக் கட்டடத்தின் செங்கல் சுவர் உறிஞ்சிய ஈரத்தைச் சுண்ணாம்பு வழியே வெளியே விடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளே அடைத்துப் போடும், பிறகு சுவர் உதிரும். ஆனால் இது தப்பான மராமத்தின் குற்றம், புழக்கத்தின் குற்றமல்ல. பூட்டிப்போட்ட கட்டடத்தில் ஆலங்கன்று முளைத்தால் பிடுங்கக்கூட ஆள் இருக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு சிகாகோவிலிருந்து வருகிறது. வானளாவிகளுக்கெல்லாம் மூத்தது எனப்பட்ட 1885-ஆம் ஆண்டு ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 1931-ல் இடித்தது, அங்கே வேலை இல்லாமல் அல்ல. அதே மனையில் இன்னும் பெரிய ஆபீஸ் வேண்டும் என்பதற்காக. அதே ஊரில் 1888-ஆம் ஆண்டு ரூக்கரி இன்றும் ஆபீஸாக நிற்கிறது. ஆக, வேலை இருந்தால் மட்டும் போதாது, கட்டடத்தின் அளவுக்குத் தகுந்த வேலையாக இருக்க வேண்டும் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். பெரிய இலாகா புது மாடிக்குப் போகட்டும். காலியான பழைய தார்சாவில் இ-சேவை மையமோ ஆவணக் காப்பகமோ வாசகசாலையோ தாராளமாக நடக்கும்.

பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கேட் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காலை போங்கள். குறைதீர்க்கும் நாள் என்பதால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்களிலிருந்து டீக்கடை வரை எல்லாம் நடமாட்டமாக இருக்கும். முடித்துவிட்டுப் பாலத்தடிக்கு இறங்குங்கள். தண்ணீர் குறைந்த மாதமென்றால் வளைவுகளை நன்றாகப் பார்க்கலாம்.