பூட்டுக்குள் இருக்கும் கணக்கு
(உயர்தர மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



'தகவல் பாதுகாப்பு' என்றொரு படிப்பு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. "அதெல்லாம் கொழும்புப் புள்ளைங்களுக்கு, நமக்கு என்னாத்துக்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அதன் அடிப்படை நம் செக்ரோல் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒரு நாள் 18 கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கு சம்பந்தமில்லாதவர் கைக்குப் போகக் கூடாது. இது இரகசியம். 18 என்று எழுதியதைப் பிறகு யாரும் 13 ஆக்கக் கூடாது. இது மாறாமை. சம்பள நேரத்தில் "புத்தகத்தைக் காணோம்" என்று சொல்லக் கூடாது. இது வேண்டியபோது கிடைப்பது. இந்த மூன்று தூண்களில்தான் முழுத் துறையும் நிற்கிறது.

இதற்கு உதவும் கணிதத்துக்கு மறைகுறியியல் என்று பெயர். செய்தியை மற்றவருக்கு விளங்காதபடி மாற்றுவதும், உரியவர் மட்டும் அதைத் திரும்ப வாசிப்பதும்தான் அது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரின் இரகசிய வானொலிச் செய்திகளைப் பிடித்து உடைக்க, ஆங்கிலேயர் கொழும்பிலே ஒரு நிலையம் நடத்தினார்கள்.

பிள்ளைகளே, 61ஐ 53ஆல் பெருக்குங்கள். 3233 வரும். லேசான வேலை. ஆனால் 3233ஐ மட்டும் தந்து, "எந்த இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கினேன்?" என்று கேட்டால் நேரம் எடுக்கும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் இதையே ஒரு பூட்டாக்கினார்கள். கோயில் உண்டியலில் யாரும் காசு போடலாம். சாவி உள்ளவர்தான் திறக்கலாம். அது மாதிரிதான் இதுவும். இன்று இந்த முறையில் பாவிக்கும் எண்களுக்கு 600 இலக்கங்களுக்கு மேல் உண்டு. 2020இல் ஆராய்ச்சியாளர்கள் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள்; அதற்கே பெருந்தொகைக் கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன.

பூட்டு இவ்வளவு பலமாக இருந்தும் பணம் ஏன் களவு போகிறது? கள்ளன் பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்டு வாங்குகிறான். "பேங்க்ல இருந்து பேசுறோம், போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்பான். அந்த நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. பேங்க்காரர் ஒருநாளும் அதைக் கேட்கமாட்டார். இப்படி மனிதரை ஏமாற்றும் வழிகளும், 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் போன்ற சட்டங்களும் இந்தத் துறையில் படிக்கவேண்டிய விசயங்களே.

இதற்குப் போகும் வழி என்ன? உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுப்பது நேர் வழி. பிறகு கணினி விஞ்ஞானப் பட்டம். 2002இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் முதுமாணிப் படிப்பும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோருக்கு மகாபொல உதவி உண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆகவே பிள்ளைகளே, தினமும் அரை மணித்தியாலம் ஆங்கிலம் வாசியுங்கள்.

பெற்றோரே, கஷ்டம் எங்கே என்று எனக்குத் தெரியும். கிட்டத்துப் பாடசாலையில் கணிதப் பிரிவு இருக்காது. டவுனுக்கு அனுப்ப பஸ் காசு, டியூசன் காசு வேணும். "ரெண்டு வருசம் கடையில நின்னா சம்பளமாவது வரும்" என்ற நினைப்பு அப்போதுதான் வருகிறது. அது நியாயமில்லாத நினைப்பு அல்ல. ஆனால் சாதாரண தரத்தில் கணிதம் நன்றாகச் செய்த பிள்ளையை, மகனானாலும் மகளானாலும், அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். முடிவெடுக்கும் முன் பாடசாலை ஆசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள்.

நம் கணக்கைப் பிறர் எழுதி நாம் கைநாட்டு வைத்த காலம் ஒன்று இருந்தது. இனி அந்தக் கணக்கைக் காக்கும் பூட்டை நம் பிள்ளைகளே செய்யட்டும்.